பாலைச் சிறகு

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

வானம்பாடி என்ற பெயரைக் கேளாத தமிழர் இரார். 1963-இல் அப்பெயரில் ஒரு திரைப்படம் வந்தது. அதன்பின் கோவைக் கவிஞர்கள் தாம் நடத்திய இதழுக்கும் அந்தப் பெயரையே சூட்டினர். பாட்டுப் போட்டியில் பரிசு பெறும் மாணவியை 'எங்கள் வானம்பாடி' என்று மேடையிலேயே புகழ்வது நம் ஆண்டு விழாக்களின் வழக்கம். ஆனால் அந்தப் பறவையைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்? ஒன்பதாம் வகுப்பில் எங்கள் அறிவியல் ஆசிரியை இந்தக் கேள்வியைக் கேட்டபோது 42 பேர் இருந்த வகுப்பில் ஒரு கை கூட உயரவில்லை. "கடலூரிலேயே இருக்கிறது. காலையும் மாலையும் அதைத் தாண்டித்தான் நீங்கள் நடக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு அவர் பாடத்துக்குப் போய்விட்டார். எங்களில் ஐந்து பேருக்கு அன்று பாடம் மனத்தில் நிற்கவில்லை.

அவர் சொன்னது சாம்பல் தலை வானம்பாடியை. சிட்டுக்குருவியைவிடச் சற்றே சிறியது. அலகிலிருந்து வால் நுனி வரை 12 அல்லது 13 சென்டிமீட்டர்தான் இருக்கும். அலகு குட்டையாகவும் தடித்தும் இருக்கும். ஆணுக்கு உச்சந்தலை சாம்பல் நிறம், கன்னம் வெளுப்பு, கண்ணின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, மோவாயிலிருந்து வயிறு வரை அடுப்புக்கரியைப் பூசினாற்போன்ற கறுப்பு. பெண்ணுக்கு இந்த ஒப்பனை ஒன்றும் கிடையாது. மண்ணின் நிறமே அதன் நிறம். பெண்பறவை தனியே நின்றால் சிட்டுக்குருவி என்று எண்ணிக்கொண்டு எவரும் கடந்து போய்விடலாம். பிரித்து அறிய ஒரு வழி உண்டு. சிட்டுக்குருவி தத்தித் தத்திச் செல்லும், வானம்பாடி தத்தாது. கால்களை மாற்றி மாற்றி வைத்து, உடலைத் தரையோடு தாழ்த்தி, வளைந்து வளைந்து நடக்கும்.

இதன் அறிவியல் பெயர் 'எரிமோப்டெரிக்ஸ் கிரிசியஸ்'. நாக்குச் சுளுக்கிக்கொள்ளும் பெயர்தான். ஆயினும் பொருள் தெரிந்தபின் எங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. கிரேக்க மொழியில் 'எரிமோஸ்' என்றால் ஆளில்லாத வெறுநிலம், பாலை. 'ப்டெரிக்ஸ்' என்றால் சிறகு. பாலைச் சிறகு! கௌப் என்ற ஜெர்மானிய அறிஞர் 1836-இல் இந்தப் பேரினத்துக்கு அப்பெயரை வைத்தார். அதற்கும் முன்பே இப்பறவை உலகுக்கு அறிமுகமாகிவிட்டது. நம் காட்டுக்கோழிக்குத் தம் பெயரைத் தந்த சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் 1782-இல் வெளியிட்ட பயண நூலில் இதைச் 'செஞ்சிப் பறவை' என்று விவரித்தார். அந்த விவரத்தைக் கொண்டே ஸ்கோப்போலி என்பவர் 1786-இல் இதற்கு அறிவியல் பெயரிட்டார். செஞ்சி என்றால் தேசிங்கு ராஜன் கோட்டை இருக்கிறதே, அதே செஞ்சிதான். 1993 வரை கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னார்க்காடு மாவட்டத்து ஊர் அது. ஆக, இந்தியத் துணைக்கண்டம் முழுவதும், இலங்கையின் வறண்ட பகுதியிலும் வாழும் ஒரு பறவையின் பிறப்புச் சான்றிதழில் எங்கள் பழைய மாவட்டத்து ஊரின் பெயர் இருக்கிறது. இந்தச் செய்தியை எங்கள் வரலாற்று ஆசிரியையிடம் சொன்னபோது, "செஞ்சிக் கோட்டையைப் பற்றி இரண்டு மதிப்பெண் கேள்வி கேட்டால் இதையும் எழுதிவிடாதீர்கள்" என்று சிரித்தார்.

எங்கள் விடுதிக்குப் பின்னால், மதில் ஓரமாக, ஒரு பெரிய மணல் திடல் உண்டு. அங்கங்கே நெருஞ்சியும் கோரையும் தவிர அதில் வேறொன்றும் முளைப்பதில்லை. சிஸ்டர் தம்மிடம் இருந்த பழைய பைனாகுலரைத் தர, பிப்ரவரி மாதத்தில் நாங்கள் ஐவரும் காலை ஆறரை மணிக்கு அந்தத் திடலின் ஓரத்தில் உட்கார ஆரம்பித்தோம். முதல் இரண்டு நாள் மைனாக்களும் காகங்களும்தாம். மூன்றாம் நாள் ஒரு மண்ணாங்கட்டி நடந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த மண்ணுக்கு உள்ளிருந்தே அது புறப்பட்டது போல் இருந்தது.

அதன்பின் கண்டுபிடிப்பது எளிதாயிற்று. இந்தப் பறவை மரத்தில் உட்காராது. உண்பதும் உறங்குவதும் தரையில்தான். அருகில் ஆள் வந்தால் உடனே பறந்துவிடாது; வயிற்றைத் தரையில் அழுத்திக்கொண்டு அப்படியே பதுங்கிவிடும். ஆண்பறவையின் கறுப்பு முழுவதும் கீழ்ப்புறம் இருப்பதால், பதுங்கியவுடன் அது மறைந்து மேலே உள்ள சாம்பல் நிறம் மட்டுமே தெரியும். ஒருநாள் எங்களில் ஒருத்தி காலை எடுத்து வைக்கவிருந்த இடத்திலிருந்து, ஒரு முழம் கூட இடைவெளி இல்லை, விர்ரென்று ஒன்று எழுந்தது. அவள் போட்ட கூச்சலில் விடுதிச் சமையற்கட்டிலிருந்து அக்கா ஓடிவந்துவிட்டார்.

பாட்டைப் பற்றிச் சொல்லாமல் வானம்பாடியைப் பற்றி எழுதுவது எப்படி? உண்மையைச் சொன்னால், பாட்டு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. குயிலின் குரல் இனிமை இதற்கு இல்லை. காற்றை இழுத்து விட்டாற்போன்ற ஒரு நீண்ட விசில், அவ்வளவே. ஆனால் அதைப் பாடும் விதம் இருக்கிறதே! ஆண்பறவை தரையிலிருந்து சிறகுகளைப் படபடவென்று நடுங்க அடித்துக்கொண்டு நேரே மேலே ஏறும். 30 மீட்டர் உயரம் வரை போகும் என்று படித்திருக்கிறோம். தென்னை மரத்தைவிட மிக உயரே போவதை நாங்களே பார்த்தோம். உச்சியில் சிறகுகளை உடலோடு மூடிக்கொண்டு தலைகீழாக விழும். விழும்போதே அந்த விசில். கல் போல விழுந்துகொண்டே இருந்து, சட்டென்று வேகத்தை மடக்கிச் சில அடி மேலே எழும்பும். மீண்டும் விழும், மீண்டும் எழும்பும். படிக்கட்டில் குதித்து இறங்குகிற குழந்தையைப் போலப் படிப்படியாகக் கீழே வரும். கடைசியில் தரையில் மோதித்தான் தீரும் என்று நாம் கண்ணை மூடிக்கொள்ளும் கணத்தில் ஒரு வளைவு வளைந்து, ஒரு கட்டியின்மேல் ஒன்றும் நடவாதது போல நின்றுவிடும். சற்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் ஏறும். ஒரு காலையில் அரைமணி நேரத்தில் பதினொரு முறை ஏறி இறங்கியதை எண்ணினோம். இவ்வளவும் அந்த மண்நிறப் பெண்ணின் கவனத்தைப் பெறுவதற்காகவும், 'இந்த இடம் என்னுடையது' என்று மற்ற ஆண்களுக்கு அறிவிப்பதற்காகவும். அந்தப் பெண்ணோ பெரும்பாலும் நிமிர்ந்து கூடப் பார்க்காமல் விதை பொறுக்கிக்கொண்டிருந்தது.

மரம் இல்லாத இடத்தில் வாழும் பறவைக்குப் பாட மேடை ஏது? ஆகையால் வானத்தையே மேடையாக்கிக்கொண்டது என்று ஆசிரியை விளக்கினார். வெளியில் வாழும் வானம்பாடி இனங்கள் பல இவ்வாறுதான் பறந்தபடி பாடுகின்றன.

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் பறவைகளுக்குள் வானம்பாடியைத் தனியே நேசித்தார் என்பது நம் பள்ளியில் பலருக்கும் தெரிந்திருக்கலாம். அவர் நேசித்தது தலையில் கொண்டை உள்ள வேறோர் இனம். அதன் கொண்டை துறவியரின் தலைமூடி போலவும், இறகுகள் அவர்களுடைய மண்நிற அங்கி போலவும் இருப்பதாக அவர் சொல்வாராம். 1226-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் மாலை அவர் உயிர் நீத்தபோது வானம்பாடிகள் கூட்டமாய் அந்த வீட்டுக் கூரையைச் சுற்றிப் பாடின என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். இருட்டும் வேளையில் பாடும் வழக்கம் அப்பறவைக்கு இல்லையே என்று அவர்களே வியந்திருக்கிறார்கள். இதைச் சிஸ்டரிடமிருந்து கேட்டபின் எங்கள் திடலின் பெண்பறவையை நாங்கள் 'சிஸ்டர்' என்றே குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினோம். இதற்கு அவரிடம் அனுமதி பெற்றுவிட்டோம்.

இனி அந்தப் 'பாலை' விஷயத்துக்கு வருவோம். தமிழகத்தில் பாலைவனம் கிடையாதே, பாலைச் சிறகுக்கு இங்கே என்ன வேலை? ஐவகை நிலத்தில் பாலைக்கு மட்டும் தனியாக ஓர் இடம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் கூறுவதைத் தமிழ் வகுப்பில் படித்தோம். அப்போது அது வெறும் மனப்பாடப் பகுதி. இந்தப் பறவையைப் பார்த்த பிறகு அது எங்களுக்கு நிலவியல் பாடமாகிவிட்டது. அறுவடை முடிந்த வயல், வற்றிப்போன ஏரி, கெடிலத்திலும் பெண்ணையாற்றிலும் நீர் ஓடாத மாதங்களின் மணல், தேவனாம்பட்டினம் பக்கத்துக் கடற்கரை மேடு ஆகியவைதாம் இதன் வீடு. ஆண்டில் சில மாதம் வந்து போகும் பாலை. முல்லையும் குறிஞ்சியும் மட்டுமன்று, மருதமும் நெய்தலும்கூடப் பாலையாகும் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து. தமிழாசிரியை பொறுத்தருள்க.

உண்மையான பாலைவனத்திலும் இதன் உறவினர் இருக்கின்றனர். ஆணுக்குத் தலையும் கறுப்பாக உள்ள ஓர் இனம் சகாராவின் ஓரம் முதல் அரேபியா வழியாக ராஜஸ்தானத்துத் தார் வரை வாழ்கிறது. வானம்பாடிக் குடும்பத்தில் ஏறத்தாழ நூறு இனங்கள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. நாய் போல வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு செய்தால் உடலின் நீர் குறையும். நீரோ பாலையில் கிடைக்காது. இந்தச் சிக்கலை எப்படித் தீர்க்கின்றன? குளிர்நாட்டு வானம்பாடிகளையும் பாலைவன வானம்பாடிகளையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2003-இல் வெளிவந்தது. நிலம் வறள வறள, அங்கு வாழும் இனங்கள் ஓய்வில் செலவிடும் ஆற்றலும் குறைவு, இழக்கும் நீரும் குறைவு என்று அது கண்டது. அதாவது அடுப்பையே சிறு தீயில் வைத்துக்கொள்கின்றன. அரேபியாவில் கடும் வெயில் நேரத்தில் சில வானம்பாடிகள், முள்வால் கொண்ட பெரிய பல்லிகளின் வளைக்குள் புகுந்து ஒதுங்குவதை 1999-இல் வெளியான மற்றோர் ஆய்வு விவரித்தது. பல்லியின் வீட்டில் பறவை விருந்தாளி!

நம்மூர்ப் பறவை வெயிலில் என்ன செய்கிறது என்பதைக் காணும் வாய்ப்பு சிதம்பரத்துப் பக்கம் கிடைத்தது. எங்களில் ஒருத்தியின் தாய்மாமா ஊர், புவனகிரிக்கும் பரங்கிப்பேட்டைக்கும் இடையே உள்ள ஒரு சிற்றூர். கோடை விடுமுறையில் பத்து நாள் அங்கே தங்க வீட்டில் அனுமதி கேட்டோம். ஐந்து வீட்டிலும் ஐந்து விதமான விசாரணை நடந்தது. ஒருவழியாகக் கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் போய்ச் சேர்ந்தோம். போகும் வழியில் சிதம்பரத்தில் இறங்கிக் கோயிலின் நான்கு கோபுரங்களையும் பார்த்தோம். அவற்றைப் பற்றி எழுதுவோர் பலர் உள்ளனர்.

அந்தப் பகுதியில் சம்பா அறுவடை தை, மாசியில் முடியும். அந்த ஈரத்திலேயே விதைத்த உளுந்து பங்குனி கடைசிக்குள் வீட்டுக்கு வந்துவிடும். பிறகு ஆற்றுத் தண்ணீர் வரும் வரை வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர்தாம் எங்களுக்கு வழிகாட்டினார். "கறுப்புக் குருவிதானே? மாமா வயல்லயே கெடக்குது, போய்ப் பாருங்க" என்றார்.

கூடு என்று சொல்ல அது என்ன தூக்கணாங்குருவிக் கூடா? உள்ளங்கை அளவு ஒரு பள்ளம். தெற்கு வரப்பிலிருந்து முப்பது அடி தள்ளி, ஒரு பெரிய மண்கட்டியின் ஓரத்தில் இருந்தது. உள்ளே மெல்லிய புல்லும் ஆட்டு மயிரும். விளிம்பைச் சுற்றிப் பட்டாணி அளவில் மண் உருண்டைகளைப் பதித்து வைத்திருந்தன. வெளிறிய நிறத்தில் பழுப்புப் புள்ளிகள் தெளித்த இரண்டு முட்டைகள். ஒரே ஒரு முறைதான் அருகில் போனோம். மனிதர் நடந்துபோகும் இடத்தைக் காகம் கவனித்து வைத்துக்கொள்ளும் என்று ஆசிரியை எச்சரித்து அனுப்பியிருந்தார். ஆகவே களத்து மேட்டு வேப்பமரத்தடியிலிருந்து பைனாகுலரில் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

காலையிலும் மாலையிலும் பறவை முட்டைகளின்மேல் உட்கார்ந்து அடைகாத்தது. பகல் பதினொரு மணிக்குமேல் உட்காரவில்லை, நின்றது. அலகைத் திறந்தபடி, சிறகுகளைச் சற்றே விரித்து, தன் நிழல் முட்டைகளின்மேல் விழும்படி நின்றது. அந்நேரத்தில் வரப்பில் வெறுங்காலை வைக்க எங்களால் முடியவில்லை. அந்த மண்ணில் நிழலில்லாமல் விட்டால் முட்டை வெந்தே போய்விடும். சூடு கொடுக்க அல்ல, சூடு தடுக்கத்தான் பகலில் அடை! ஆணும் பெண்ணும் முறை மாற்றிக்கொண்டன. ஒன்று நடந்து வரும். மற்றது நடந்து போகும். பறந்து வந்து இறங்குவதேயில்லை. இடம் தெரிந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை போலும்.

நான்காம் நாள் இரவு இடியுடன் ஒரு கோடை மழை. விடியற்காலையில் நாங்கள் ஓடினோம். பள்ளம் நிறையவில்லை; பறவை நனைந்த இறகுடன் உட்கார்ந்திருந்தது. எங்களுக்கு மகிழ்ச்சி. மாமாவுக்கும் மகிழ்ச்சி, ஆனால் வேறு காரணத்தால். "நல்ல பதம். நாளைக்கே ஓட்டிடணும்" என்று டிராக்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். கோடை உழவுக்கு ஒரு மழைதான் கிடைக்கும். இரண்டு நாள் தாமதித்தால் மண் மறுபடியும் கல்லாகிவிடும். அப்புறம் கலப்பை இறங்காது. டிராக்டரும் ஒருவருக்காகத் தனியாக வராது. தெரு முழுவதும் வரிசை போட்டு மணிக்கணக்கில் வாடகை.

எங்கள் ஐவருக்கும் அன்று சோறு இறங்கவில்லை. கேட்பதா, வேண்டாமா? விருந்தாளியாக வந்த இடத்தில் விவசாயத்தைக் குறுக்கிடுவது முறையா? கடைசியில் மாமாவின் மருமகள் தான் கேட்டாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எந்த எடம்னு காட்டுங்க" என்று எழுந்தார். நான்கு பூவரசங் குச்சிகளை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து, கூட்டைச் சுற்றி இரண்டு கட்டில் போடும் அளவுக்கு இடம் விட்டு நான்கு மூலையிலும் நட்டார். "மாமா, உங்களுக்கு நஷ்டமில்லையா?" என்று ஒருத்தி கேட்டாள். "ரெண்டு கட்டில் எடம் உழாம கெடந்தா குடியா முழுகிடும்? போங்கம்மா" என்றார். டிராக்டர்க்காரர் சிரித்தார், ஆனால் திருப்பத்தில் மெதுவாகவே ஓட்டினார்.

அன்றைய பொழுது எளிதாய்ப் போகவில்லை. இரைச்சல் நெருங்கியதும் பறவை எழுந்து போய்விட்டது. உழவுசாலில் புழு பொறுக்கக் கொக்கும் மைனாவும் காகமும் பெருங்கூட்டமாய் வந்து இறங்கின. கலப்பையைவிட எங்களுக்குக் காகத்தின் மீதுதான் பயம். அப்போது வீட்டிலிருந்து ஆயா, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, வேப்பங்கொம்பு ஒன்றுடன் வந்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். எழுபது வயதைக் கடந்தவர்கள். "ஏ காக்கா! எங்க வந்து வாய வக்கிற?" என்ற அதட்டல் தெருமுனை வரை கேட்டது. டிராக்டர் அடுத்த வயலுக்குப் போன பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். 23 நிமிடம். பெண்பறவை புழுதிக் கட்டிகளுக்கு இடையே வளைந்து வளைந்து நடந்து வந்து, குச்சிகளுக்கு நடுவே புகுந்து, முட்டைகளின்மேல் நின்றது.

ஏழாம் நாள் ஒரு முட்டை பொரிந்தது. மற்றது பொரியவில்லை. இரண்டு பெற்றோரும் சிறு வெட்டுக்கிளிகளையும் பச்சைப் புழுக்களையும் கொண்டுவந்து ஊட்டின. பெரிய பறவைகள் விதை தின்றாலும் குஞ்சுக்குப் பூச்சிதான் உணவு. அந்த வறண்ட வயலில் அதற்குத் தண்ணீரும் அதுவே. பத்தாம் நாள் நாங்கள் விடைபெற்றோம். ஒரு வாரம் கழித்து மாமா தொலைபேசியில் கூடு காலியாக இருப்பதாகச் சொன்னார். இந்தக் குஞ்சுகள் நன்றாகப் பறக்கக் கற்குமுன்பே கூட்டைவிட்டு நடந்து வெளியேறிவிடும் என்பதை அறிவோம். பாம்பும் கீரியும் உண்டு என்பதையும் அறிவோம். இறகோ இரத்தமோ கிடக்கவில்லை என்றார். இரண்டு நாள் சென்று, ஜோடி இரண்டும் வாயில் பூச்சியுடன் வடக்கு வரப்பு ஓரம் இறங்குவதைக் கண்டதாகத் தாமாகவே மறுபடியும் அழைத்துச் சொன்னார். ஆகவே குஞ்சு பிழைத்தது என்று நாங்கள் முடிவு செய்தோம். மாமா அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை.

ஊரிலிருந்து திரும்பிய பிறகு ஒரு சொல் எங்கள் காதில் உறுத்த ஆரம்பித்தது. 'சும்மா கிடக்கிற நிலம்' என்பதே அது. தரிசு, பொட்டல், வெற்றிடம் என்று அதற்கு வேறு பெயர்களும் உண்டு. வரப்பை அழித்து, மஞ்சள் வண்ணக் கல் நட்டு, மனைப்பிரிவாக மாற்றுவதற்கு முதலில் கண்ணில் படுவது அந்த நிலம்தான். கடலூர்க் கரையோரத்து மணல்மேட்டில் சவுக்கு வைக்கிறார்கள். சவுக்கு பலருக்குச் சோறு போடுகிறது, அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் சவுக்குத் தோப்புக்குள் இந்தப் பறவை கால் வைக்காது. இது அழிந்துவரும் இனமன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இது கவலைக்குரிய நிலையில் இல்லை. சிட்டுக்குருவியும் ஒரு காலத்தில் நம் ஊர்களில் யாரும் எண்ணிப் பார்க்காத பறவையாகத்தான் இருந்தது.

அக்டோபரில் இந்தச் சிக்கல் எங்கள் பள்ளிக்கே வந்தது. மழைக்காலம் தொடங்குமுன் விடுதிக்குப் பின்னால் உள்ள மணல் திடலில் 150 மரக்கன்றுகள் நடுவதாகப் பசுமை மன்றம் தீர்மானித்தது. புங்கன், வேம்பு, பூவரசு. மன்றத்தில் நாங்களும் உறுப்பினர். 'மரம் நடுவோம்' என்ற தலைப்பில் எங்களில் ஒருத்தி மாவட்ட அளவில் கட்டுரைப் பரிசே பெற்றிருக்கிறாள். நாங்களே போய் 'மரம் நட வேண்டாம்' என்று எப்படிச் சொல்வது? தோழியர் பலர் கோபித்துக்கொண்டார்கள். "நாலு குருவிக்காக ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வெயிலில் காய வேண்டுமா?" என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வி நியாயமானதே. மே மாதத்தில் அந்த மணல் எப்படிச் சுடும் என்பது எங்களுக்கும் தெரியும்.

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு சிஸ்டரிடம் போனோம். பிப்ரவரியிலிருந்து நாள், நேரம், எண்ணிக்கை எல்லாம் அதில் இருந்தன. 'சிஸ்டர் வந்தார்', 'சிஸ்டர் விதை பொறுக்கினார்' என்ற வரிகளை எல்லாம் அவர் நிதானமாகப் படித்தார். மறுநாள் மன்றப் பொறுப்பாசிரியையும் தோட்டக்காரத் தாத்தாவும் நாங்களும் கயிறு பிடித்துத் திடலை அளந்தோம். பிள்ளைகள் விளையாடும் தெற்குப் பக்கத்திலும் மதிலை ஒட்டி இரண்டு வரிசையிலும் கன்றுகள் நடுவது என்றும், வடபாதியைக் கைவைக்காமல் அப்படியே விடுவது என்றும் முடிவாயிற்று. 150 கன்றுக்கு அங்கே இடம் போதவில்லை. 64 நட்டோம், மீதியைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். கோபித்துக்கொண்ட தோழி இரண்டு எடுத்துப் போனாள்.

நவம்பர் மழையில் வடபாதி முழுவதும் கோரை மண்டிவிட்டது. ஒரு வானம்பாடியையும் காணோம். டிசம்பர் கடைசியில் கோரை காயத் தொடங்கியது. ஜனவரி 19-ஆம் நாள் காலை ஆறேமுக்காலுக்கு ஒரு ஜோடி வந்து இறங்கியது. அதன்பின் நான்கு முறை பார்த்துவிட்டோம். ஆண் இரண்டு தடவை வானில் ஏறி இறங்கியது. கூடு இன்னும் வைக்கவில்லை. எங்களுக்கு மார்ச்சில் அரசுத் தேர்வு. ஆகையால் பைனாகுலரையும் குறிப்பேட்டையும் ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவிடம் கொடுத்திருக்கிறோம்.